தாவும் சென்சார் நெட்வொர்க்கில் குறுக்கீடு: சேனலை விலக்குவதா, வைஃபையைத் திருத்துவதா, பேண்டையே மாற்றுவதா?

யாருக்காக இதை எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிடங்கிலோ ஆலையிலோ பெரிய அலுவலகத்திலோ பேட்டரியில் ஓடும் ஐம்பது அறுபது சென்சார்களை 2.4 கிகாஹெர்ட்ஸில் மாட்டியிருக்கிறீர்கள், அல்லது மாட்டப் போகிறீர்கள். வெப்பநிலை, அதிர்வு, அழுத்தம் என்று ஏதோ ஒன்றை அளக்கின்றன. ரேடியோ ஒரே சேனலில் உட்கார்ந்திருக்காமல் சேனல் விட்டுச் சேனல் தாவும் வகை: வயர்லெஸ்ஹார்ட், ஐஎஸ்ஏ100 என்ற ஆலை சென்சார் தரங்கள், அல்லது குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேடியோக்களுக்கான ஐஇஇஇ 802.15.4 தரத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட, நேரத்தைத் துண்டாக்கித் தாவும் டிஎஸ்சிஎச். அதே கட்டடத்தில் வைஃபை இருக்கிறது, ஆளுக்கொரு ப்ளூடூத் இருக்கிறது, கேன்டீனில் ஒரு மைக்ரோவேவ் அவனும் இருக்கிறது. டேட்டா நடுநடுவே விட்டுப்போகிறது, பேட்டரி சொன்ன காலத்துக்கு வரவில்லை. தாவல்தான் இருக்கிறதே, அப்புறம் ஏன் இந்தப் பாடு என்று மேலிடத்திலிருந்து கேள்வி வருகிறது.

கையில் ஐந்து வழிகள் உண்டு. அப்படியே விட்டுவிட்டு மறுமுயற்சியை நம்புவது, வைஃபை பக்கத்தைத் திருத்துவது, கெட்ட சேனல்களைக் கையால் விலக்குவது, நெட்வொர்க்கே தானாகக் கற்றுக்கொண்டு விலக்கும்படி விடுவது, 2.4-ஐயே விட்டுவிட்டு 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போவது. என் தீர்ப்பை இங்கேயே சொல்கிறேன், பிடிக்காதவர்கள் கீழே வந்து சண்டை போடலாம்: கட்டடத்தின் வைஃபை உங்கள் கையில் இருந்தால் இரண்டாவது வழியும், அதன் மேல் மூன்றாவதில் ஒரு சிட்டிகையும் போதும். நான்காவது கேட்க அழகாக இருக்கும், பேட்டரி சென்சாருக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. ஐந்தாவது வேறொரு பிரச்சினைக்கான மருந்து.

முதலில், இது குறுக்கீடுதானா?

தாவல் என்றாலே குறுக்கீட்டிலிருந்து தப்பிக்கத்தான் என்று நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. கட்டடத்துக்குள் ரேடியோ அலை சுவரிலும் தகரத்திலும் ரேக்கிலும் பட்டுப் பட்டுப் பல வழிகளில் ரிசீவருக்கு வந்து சேர்கிறது, அப்படி வருபவை ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும் புள்ளியில் சிக்னல் செத்துப்போகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம்தான் என்பதால் சென்சாரை நாலு விரல் நகர்த்தினாலே நிலைமை மாறிவிடும். யாராவது ஒரு இரும்புக் கதவைத் திறந்துவைத்தாலும் மாறிவிடும். இதில் நமக்குச் சாதகமான விஷயம், ஒரு சேனலில் செத்த புள்ளி நாலு சேனல் தள்ளிப் போனால் உயிரோடு இருக்கும். தாவலின் பெரிய லாபமே இதுதான். குறுக்கீட்டைச் சமாளிப்பது கூடவே கிடைக்கிற இனாம். இதை மறந்துவிட்டுச் சேனல்களைச் சகட்டுமேனிக்கு விலக்கினால், குறுக்கீடு குறைந்து சிக்னல் சாவது கூடும், மொத்தக் கணக்கில் நஷ்டம்.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலும் கேட்வேயிலிருந்து (எல்லாச் சென்சாரின் டேட்டாவும் வந்து சேரும் பெட்டி) இணைப்பு வாரியாக, சேனல் வாரியாக வெற்றி விகிதத்தை எடுங்கள். ஒரு இணைப்புக்குப் பதினாறு எண்கள், கூடவே சிக்னல் வலு. அந்த அட்டவணையைப் படிப்பது பழகிவிட்டால் கஷ்டமில்லை. நாலு நாலு சேனலாகக் கும்பலாக விழுந்திருந்தால் அது வைஃபை, சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு இணைப்பில் ஏதோ ஒன்றிரண்டு சேனல் மட்டும் விழுந்திருந்து, அதே சேனல்கள் பக்கத்து இணைப்பில் நன்றாக இருந்தால் அது பல வழிப் பிரதிபலிப்பு, குறுக்கீடு அல்ல. ஒரு இணைப்பில் எல்லாச் சேனலும் சேர்ந்து மோசம் என்றால் தூரம், ஆன்டெனா, அல்லது யாரோ நடுவில் கொண்டுவந்து வைத்த ஸ்டீல் பீரோ. சிக்னல் வலு நன்றாக இருந்தும் டேட்டா பாக்கெட் விழுகிறதென்றால் குறுக்கீடு. வலுவே இல்லாமல் விழுகிறதென்றால் குறுக்கீட்டைத் தேடிப் பிரயோஜனமில்லை.

கேட்வேக்கு வருகிற எல்லா இணைப்பும், எல்லாச் சேனலிலும், ஒரே மாதிரி மந்தமாக இருக்கிறதா? கேட்வே பெட்டியைத் திறந்து பாருங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் அதன் பக்கத்திலேயே ரேடியோ டாங்கிளும் சொருகியிருக்கும். யூஎஸ்பி 3 கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் பரவலாக இரைச்சல் உமிழ்கின்றன என்பதை இன்டெல்லே 2012-இல் ஒரு ஆவணமாக வெளியிட்டது. இந்த இரைச்சல் பேண்ட் முழுக்கப் பரவுவதால் எங்கே தாவினாலும் தப்ப முடியாது. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் வாங்கி டாங்கிளைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. இதைப் பார்க்காமல் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாடகைக்கு எடுத்தவர்கள் உண்டு.

எதுவும் செய்யாமல் விட்டால்?

இந்த வழியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 802.15.4-க்கு இந்த பேண்டில் 11 முதல் 26 வரை பதினாறு சேனல்கள், 2405-இல் தொடங்கி 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 2480 வரை. ஒரு வைஃபை சேனல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், அதாவது நம்முடைய நாலு சேனல்களை அப்படியே விழுங்கும். பக்கத்தில் ஒரே ஒரு வைஃபை, அது பாதி நேரம் பேசிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் இது ரொம்பவே பரபரப்பான வைஃபை). நம் பாக்கெட் அடிபடும் வாய்ப்பு பதினாறில் நாலு, அதில் பாதி: 12.5 சதவீதம். ஒவ்வொரு மறுமுயற்சியும் வேறு சேனலில் போகிறது. முதல் முயற்சியோடு சேர்த்து நாலு முறை அனுப்பினால் நாலும் தோற்கும் வாய்ப்பு 0.024 சதவீதம், நாலாயிரத்தில் ஒன்று. அதே சென்சார் தாவாமல் அந்த வைஃபைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஐம்பது சதவீதம். அதுவும் அடுத்தடுத்த முயற்சி அதே வைஃபைப் பேச்சின் நடுவிலேயே போய் விழும்.

ஆக ஒரு வைஃபை மட்டும் என்றால் தாவலும் மறுமுயற்சியும் தானே பார்த்துக்கொள்ளும், செலவு, ஏழில் ஒரு பங்கு கூடுதல் ஒலிபரப்புக்கு ஆகிற பேட்டரி, அவ்வளவுதான். வைஃபை 1, 6, 11 மூன்றும் அதே வேகத்தில் ஓடினால்தான் கதை மாறுகிறது. பதினாறில் பன்னிரண்டு சேனல் அடிபடும், தோல்வி 37.5 சதவீதம், நாலு முயற்சிக்குப் பிறகும் நூறில் இரண்டு பாக்கெட் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலை அனுப்பும் சென்சாருக்கு நூறில் இரண்டு போனால் ஒன்றும் குடிமுழுகாது, நேர்மையாகச் சொன்னால். வால்வையோ மோட்டாரையோ கட்டுப்படுத்தும் இணைப்புக்கு அது பெரிய விஷயம்.

தாவும் வரிசையும் இங்கே ஒரு வேலை செய்கிறது. ஐஎஸ்ஏ100 தரத்தின் வழக்கமான வரிசையில் அடுத்தடுத்த தாவல்கள் எப்போதும் மூன்று சேனலுக்கு மேல் தள்ளியே இருக்கும், அதனால் ஒரு வைஃபையில் அடிபட்டால் அடுத்த தாவல் அதற்கு வெளியே போய்விடும். டிஎஸ்சிஎச்சின் பதினாறு சேனல் வரிசையில் அப்படி இல்லை; 11, 12, 13 மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன, மூன்றுமே வைஃபை 1-க்கு அடியில். எந்த வரிசை உங்கள் கருவியில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

வைஃபையைத் திருத்துவது

என்னைக் கேட்டால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இது, யாரும் வைப்பதில்லை, ஏனென்றால் வைஃபை ஐடி துறையுடையது, சென்சார் பராமரிப்புத் துறையுடையது, இருவரும் ஒரே மேசையில் உட்காருவதில்லை. குறுக்கீடு ஏன் ஒருபக்கமாகவே இருக்கிறது தெரியுமா? டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு, பத்து கூடினால் வலு பத்து மடங்கு. வைஃபை 20 டிபிஎம் வரை அனுப்பும், நம் சென்சார் 0 முதல் 10 டிபிஎம்; பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வித்தியாசம். வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும்தான், ஆனால் தன் இனம் அல்லாத சிக்னல் −62 டிபிஎம்முக்கு மேல் வந்தால்தான் ஒதுங்கும். பத்து மீட்டரும் ஒரு சுவரும் தாண்டி வரும் சென்சார் சிக்னல் அதற்குக் கீழேதான் இருக்கும், அதனால் நம் சென்சார் இருப்பதே வைஃபைக்குத் தெரியாது. ஒதுங்க வேண்டியவன் எளியவன்தான்.

என்ன செய்யலாம்? லேப்டாப், போன், கேமரா என்று 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்த எல்லாவற்றையும் அங்கே தள்ளுங்கள். 2.4-இல் மிச்சம் இருப்பதற்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டும், 40 வேண்டவே வேண்டாம். ரூட்டரில் ‘ஆட்டோ சேனல்’ இருந்தால் அணைத்துவிட்டு 1, 6, 11 என்று கையால் போடுங்கள். இந்தியாவில் 13 வரை சேனல் அனுமதி உண்டு. ஆட்டோவில் விட்ட ரூட்டர் ஒரு நாள் ராத்திரி 13-க்குப் போய் உட்கார்ந்தால், நாம் சுத்தமானது என்று நம்பியிருந்த 25, 26 இரண்டும் அதோடு போச்சு.

அப்புறம் யாரும் பார்க்காத ஒன்று, பீக்கன். ஒவ்வொரு வைஃபை பெயரும் 102.4 மில்லிவினாடிக்கு ஒரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்று கத்தும், பயன்படுத்த ஆளே இல்லாவிட்டாலும். பழைய 802.11பி கருவிகளுக்காக இந்தக் கத்தல் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் விடப்பட்டிருந்தால், 300 பைட் பீக்கன் ஒன்றுக்கு 2.6 மில்லிவினாடி, அதாவது காற்றில் இரண்டரை சதவீதம். ‘ஸ்டாஃப்’, ‘கெஸ்ட்’, ‘சிசிடிவி’, ‘பிரிண்டர்’, ‘டெஸ்ட்’ என்று ஐந்து பெயர் வைத்திருக்கிறீர்களா? ஒருவரும் இணையம் பார்க்காமலே பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் காலி. பி வேகங்களை அணைத்துக் குறைந்தபட்சத்தை 6 எம்பிபிஎஸ் ஆக்கினால் ஒரு பெயருக்கு அரை சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். செலவு பூஜ்யம், ஒரு மதியம் போதும். இருபது வருடப் பழைய பார்கோடு ஸ்கேனர் ஏதாவது இதனால் நின்றுவிடுமா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலை போன் வரும்.

இந்த வழியின் பலவீனம் ஒன்றுதான், பக்கத்துக் கடைக்காரரின் ரூட்டர் உங்கள் பேச்சைக் கேட்காது. அடுக்குமாடி, வணிக வளாகம், பஸ் நிலையம் போன்ற இடங்களில் இது கால்வாசிதான் உதவும்.

சேனல்களைக் கையால் விலக்குவது

வைஃபை 1, 6, 11 என்று ஒழுங்காக உட்கார்ந்தபின் அவற்றுக்கு இடையில் நமக்கு மிஞ்சுவது 15, 20, 25, 26. பல பேர் நேராக இந்த நாலுக்குத் தாவிவிடுகிறார்கள். சென்சார்களுக்கான கான்டிகி-என்ஜி மென்பொருளில் டிஎஸ்சிஎச் வழக்கமாக வருவதே இந்த நாலு சேனல் வரிசையோடுதான். ஆனால் இந்த நாலும் நாம் நினைக்கிற அளவுக்குச் சுத்தம் இல்லை. ப்ளூடூத் எல்ஈ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத்) வடிவமைத்தவர்களும் இதே சந்துகளைத்தான் தேடினார்கள். அதன் மூன்று அறிவிப்புச் சேனல்கள் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ். நம் 26 இருப்பது சரியாக 2480. நம் 15 இருப்பது 2425, ஒரு மெகாஹெர்ட்ஸ் தள்ளி. ப்ளூடூத் டேக், வாட்ச், ஹெட்செட் நிறைந்த இடத்தில் இந்த இரண்டும் ஓயாமல் சலசலக்கும். மிஞ்சியவற்றில் 20 இருப்பது 2450-இல், மைக்ரோவேவ் அவன் வேலை செய்யும் இடமே அதுதான். எல்லாரும் ஒரே சந்தில் புகுந்தால் அந்தச் சந்தும் மெயின் ரோடுதான். 26-க்கு இன்னொரு குறை, பேண்டின் விளிம்பில் இருப்பதால் பல கருவிகள் அங்கே வலுவைக் குறைத்தே அனுப்பும். வயர்லெஸ்ஹார்ட் அந்தச் சேனலைத் தொடுவதே இல்லை, 11 முதல் 25 வரை பதினைந்தோடு நிறுத்திக்கொள்கிறது.

நாலு சேனல் மட்டும் வைத்தால் முதல் பகுதியில் சொன்ன பிரதிபலிப்புச் சாவிலிருந்து தப்பிக்கவும் வழி குறைந்துவிடும், ஒரே நேரத்தில் நெட்வொர்க்கில் நாலு ஜோடிக்கு மேல் பேசவும் முடியாது. ஆகவே நான் சொல்வது: அட்டவணையில் நிரந்தரமாக மோசமாக இருக்கும் கும்பல் ஒன்றை, அதாவது கேமராவோ வீடியோவோ ஓடும் அந்த ஒரு வைஃபைக்கு அடியிலிருக்கும் நாலை, மட்டும் விலக்கிப் பன்னிரண்டை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மறுமுயற்சி பார்த்துக்கொள்ளும்.

இந்த வழியில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டிஎஸ்சிஎச்சில் நேரம் ஸ்லாட் ஸ்லாட்டாக, அதாவது 10 மில்லிவினாடித் துண்டுகளாக ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண். எந்தச் சேனல் என்பதை, அந்த எண்ணோடு அந்த இணைப்புக்கென்று கொடுத்த ஆஃப்செட் எண்ணைக் கூட்டி, சேனல் எண்ணிக்கையால் வகுத்து, வரும் மீதியை வைத்து முடிவுசெய்கிறார்கள். ஒரு சென்சாருக்கு ஒதுக்கிய ஸ்லாட் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வரும். சுற்றின் நீளம் 101 ஸ்லாட், சேனல் 16 என்றால் 101-ஐ 16-ஆல் வகுத்த மீதி 5, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தைந்தாகத் தள்ளிப் பதினாறையும் தொட்டுவரும். பகா எண்ணைச் சுற்றின் நீளமாக வைப்பது இதற்காகத்தான். இப்போது யாரோ ‘சரியாக ஒரு வினாடி வரட்டும்’ என்று நீளத்தை 100 ஆக்குகிறார். 100-க்கும் 16-க்கும் பொதுவாக 4 இருக்கிறது, அந்தச் சென்சார் இனி நாலே நாலு சேனலில் மட்டும் சுற்றும். அப்புறம் இன்னொருவர் ஆறு கெட்ட சேனல்களை விலக்கிப் பத்தாக்குகிறார். 100-ஐப் பத்தால் வகுத்தால் மீதி பூஜ்யம். அவ்வளவுதான், அந்தச் சென்சார் அதற்குப்பின் தாவவே தாவாது. ஒரே சேனலில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும், காகிதத்தில் மட்டும் அது தாவும் நெட்வொர்க். அந்த ஒரு சேனல் நல்லதாக அமைந்த சென்சார்களுக்கு எண்கள் ஏறும், கெட்டதாக அமைந்தவற்றுக்கு அடியோடு விழும், பார்ப்பவர் சென்சாரைக் குறை சொல்வார். சேனலை விலக்கும் முன் மிஞ்சும் எண்ணிக்கைக்கும் சுற்றின் நீளத்துக்கும் பொதுக் காரணி இல்லை என்று பார்த்துவிடுங்கள். நீளம் 101 என்றால் கவலையே இல்லை.

இதே கணக்கு மைக்ரோவேவ் அவனிலும் எட்டிப்பார்க்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண டிரான்ஸ்பார்மர் அவன் ஒவ்வொரு 20 மில்லிவினாடியிலும் ஏறத்தாழ பாதி நேரம் மட்டுமே ரேடியோ இரைச்சல் போடும். டிஎஸ்சிஎச் ஸ்லாட் 10 மில்லிவினாடி. சுற்று 100 ஸ்லாட் என்றால் அடுத்த வாய்ப்பு 1000 மில்லிவினாடி கழித்து, மைக்ரோவேவின் தாளத்தில் அதே புள்ளியில் வந்து விழும், மின்சாரத்தின் அலைவெண் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால்தான் உண்டு. 101 என்றால் 1010 மில்லிவினாடி, எதிர்ப்பாதியில் விழும். ஒரே ஒரு ஸ்லாட் வித்தியாசம்.

தானாகக் கற்றுக்கொள்ளும் தாவல்

இதை எல்லாரும் விரும்புவதற்குக் காரணம் ப்ளூடூத். 2003-இல் வந்த ப்ளூடூத் 1.2-இலிருந்து தகவமைத் தாவல் உண்டு. 79 சேனல், வினாடிக்கு 1600 தாவல், கெட்டதை விலக்கிக்கொண்டே போகும், 20-க்குக் கீழே மட்டும் இறங்காது. பக்கத்தில் வைஃபை ஓடும்போதும் ஹெட்செட் பாடிக்கொண்டே இருப்பது இதனால்தான். பிறகென்ன, சென்சாருக்கும் அதையே போட்டுவிடலாமே?

போடலாம், ஆனால் ப்ளூடூத்துக்கு இரண்டு சௌகரியங்கள் இருக்கின்றன. முதலாவது, அது ஓயாமல் பேசுகிறது, அதனால் எந்தச் சேனல் கெட்டது என்று சீக்கிரமே தெரிந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு பாக்கெட் அனுப்பும் சென்சாரை எடுங்கள்: பதினாறு சேனலில் ஒவ்வொன்றும் பதினாறு நிமிடத்துக்கு ஒரு முறைதான் சோதிக்கப்படும், ஒரு நாள் முழுக்க ஓடினால் சேனலுக்குத் தொண்ணூறு மாதிரி. காலை பத்து மணிக்கு மீட்டிங் ஹாலில் வீடியோ கால் தொடங்கி, முடிந்து, எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகுதான் நம் சென்சாருக்குச் சந்தேகமே வரும். விலக்கிய சேனல் தேறிவிட்டதா என்று பார்க்கவும் மறுபடி அதில் அனுப்பித்தான் ஆக வேண்டும், அதற்கும் பேட்டரி.

இரண்டாவது, ப்ளூடூத்தில் ஒரு தலைவன் முடிவெடுக்கிறான். ப்ளூடூத் எல்ஈயில்கூட 37 டேட்டா சேனல்களில் எவை நடப்பில் இருக்கும் என்பதை மையக் கருவிதான் தீர்மானித்து, ‘இத்தனையாவது நிகழ்விலிருந்து புதுப் பட்டியல்’ என்று குறைந்தது ஆறு இணைப்பு நிகழ்வுகளுக்கு முன்பே சொல்லி அனுப்பும்; அவ்வளவு ஜாக்கிரதை. அந்தப் பக்கத்துக் கருவி தன் பக்கத்து நிலவரத்தைச் சொல்லும் வசதியே 2021-இல் 5.3 பதிப்பில்தான் வந்தது. சென்சார்கள் ஒன்றுக்கொன்று டேட்டாவைக் கைமாற்றும் மெஷ் நெட்வொர்க்கில் அறுபது சென்சாரும் ஆளுக்கொரு பட்டியல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பட்டியல் மாறியதற்கான ஒப்புகை ஒன்று வழியில் தொலைந்தால், அனுப்புபவர் ஒரு சேனலிலும் கேட்பவர் இன்னொரு சேனலிலும் நிற்பார்கள். அது மட்டுமா, மீதி எடுக்கும் அந்தச் சூத்திரம் எல்லாரிடமும் ஒரே எண்ணிக்கை இருந்தால்தான் மோதாமல் வேலை செய்யும். பட்டியல் ஆளுக்கு ஆள் மாறினால் வேறு வேறு ஆஃப்செட் கொடுத்த இரண்டு ஜோடிகள் ஒரே சேனலில் போய் இடித்துக்கொள்ளும். வெளிக் குறுக்கீட்டுக்குப் பயந்து உள்குறுக்கீட்டை உண்டாக்கிக்கொள்வது என்பது இதுதான்.

எங்கே சரிப்படும் என்றால், வைஃபை உங்கள் கையில் இல்லாத இடம், மின்சாரத்தில் நேராக ஓடும் கருவிகள், வினாடிக்குப் பல பாக்கெட் போகும் போக்குவரத்து, இடம்விட்டு இடம் நகரும் கருவி. நீங்கள் போடுவதே ப்ளூடூத் எல்ஈ என்றால் இது இனாமாகவே இருக்கிறது, அணைக்காமல் விட்டால் போதும். பேட்டரி மெஷ்ஷுக்கு, கேட்வே நாள் கணக்கில் எண்களைச் சேர்த்து நெட்வொர்க் முழுக்க ஒரே பட்டியலாகப் பரிந்துரைத்து, ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் அரைத் தானியங்கி வகை கிடைத்தால் அதுவே போதுமானது.

அனுப்பும் முன் சேனலைக் காது கொடுத்துக் கேட்பது என்று ஒரு வசதி டிஎஸ்சிஎச்சில் உண்டு. ஸ்லாட்டின் தொடக்கத்தில் 128 மைக்ரோவினாடி கேட்டுவிட்டு, யாராவது பேசினால் அந்த ஸ்லாட்டை விட்டுவிடும். பக்கத்துச் சென்சார்கள் எல்லாம் ஒரே நொடியில் கேட்டு ஒரே நொடியில் பேசுவதால் தங்களுக்குள் மோதலை இது தடுக்காது, வைஃபையைத்தான் கண்டுபிடிக்கும். அதுவும் அனுப்புபவரின் காதுக்கு எட்டுகிற வைஃபையை மட்டும். அடிபடுவது கேட்பவரின் பக்கத்தில் இருக்கும் வைஃபையால். தோற்கப்போகும் பாக்கெட்டுக்கு ஆகிற பேட்டரியைக் கொஞ்சம் மிச்சப்படுத்தும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

865-க்குப் போய்விடலாமா?

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005-இலேயே உரிமம் தேவையில்லை என்று ஆனது, 2021-இல் 868 வரை நீட்டினார்கள். வைஃபை கிடையாது, ப்ளூடூத் கிடையாது, மைக்ரோவேவ் கிடையாது, சுவரையும் நன்றாகத் துளைக்கும். கேட்கவே சுகமாக இருக்கிறது. தெருவெல்லாம் பரவிக் கிடக்கும் ஸ்மார்ட் மீட்டர்களுக்கு இது சரியான இடம். வை-சன் போன்ற மெஷ்கள் இந்தப் பக்கத்து அலைவரிசைகளில் தாவித் தாவித்தான் ஓடுகின்றன.

ஒரு கட்டடத்துக்குள் வரும்போது கணக்கு வேறு. மொத்த அகலமே 3 மெகாஹெர்ட்ஸ். கட்டடத்துக்குள் பிரதிபலிப்பால் சிக்னல் சாகும்போது சில மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சேர்ந்தே சாகும், அதனால் இந்த 3-க்குள் எங்கே தாவினாலும் பல நேரம் அதே குழியில்தான் விழ வேண்டும். 2.4-இல் 80 மெகாஹெர்ட்ஸ் கிடைத்த இடத்தில் பழகிவிட்டு இங்கே வந்தால் தாவலின் பாதி லாபம் காணாமல் போயிருக்கும். அமெரிக்காவில் இதே மாதிரி பேண்ட் 902 முதல் 928 வரை, 26 மெகாஹெர்ட்ஸ். அங்கே எழுதப்பட்ட புகழுரைகளை நம்பி இங்கே வாங்கக் கூடாது. அக்கம்பக்கமும் காலியில்லை. சரக்கு டேக்குகளைப் படிக்கும் யூஎச்எஃப் ஆர்எஃப்ஐடி ரீடர்கள் இதே பேண்டில் பெரிய வலுவோடு ஓடுகின்றன, நெடுந்தூர சென்சார் ரேடியோவான லோராவும் இங்கேதான், அதற்கு மேலே ஒரே ஒரு மெகாஹெர்ட்ஸ் தள்ளி 869-இல் செல்போன் டவரின் கீழிறங்கு அலைவரிசை தொடங்குகிறது. மொட்டை மாடியில் டவர் இருக்கும் கட்டடமென்றால் ரிசீவரின் முன்னால் நல்ல ஃபில்டர் இல்லாத மலிவு மாடல் காதடைத்துப் போய் நிற்கும். கிடங்கு வாசலில் ஆர்எஃப்ஐடி வைத்திருப்பவர் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே உத்தமம்.

எனவே தூரம்தான் பிரச்சினை என்றால் 865. வைஃபை நெரிசல் மட்டும்தான் பிரச்சினை என்றால், இருக்கிற சென்சார்களைக் கழற்றிவிட்டு இங்கே வருவதற்கு ஆகிற பணத்தில் கால் பங்கில் நடுநடுவே மின்சாரத்தில் ஓடும் நாலு ரிலே முனைகளை 2.4-இலேயே மாட்டிவிடலாம். இணைப்பின் தூரம் பாதியானால் திறந்த வெளியில்கூட சிக்னல் நாலு மடங்கு கூடும், குறுக்கீடு வந்தாலும் அதை மீறிக் கேட்கும் வாய்ப்பு அந்த அளவுக்கு உயரும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, ரிலேயில் லாபம் குறைவு போலிருக்கிறது.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு, இந்த ஐந்தில் எதைப் பின்னால் தேர்ந்தெடுத்தாலும், ஆர்டர் போடும் முன் விற்பவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். இணைப்பு வாரியாகச் சேனல் வாரியான எண்களை கேட்வே வெளியே தருமா, அல்லது பச்சை-மஞ்சள்-சிவப்பு விளக்கு மட்டும்தானா? சேனலை விலக்கினால் சுற்றின் நீளம் என்னவாகும், அதை நாம் மாற்ற முடியுமா? பட்டியலை மாற்றும்போது சென்சார்கள் ஓடிக்கொண்டே மாறுமா, அல்லது ஒவ்வொன்றும் விழுந்து மறுபடி நெட்வொர்க்கில் சேர வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், பட்டியலைத் தொடும் ஒவ்வொரு முறையும் உயரத்தில் மாட்டிய ஏதோ சில சென்சார்களுக்கு ஏணி எடுக்க வேண்டிவரும் என்று அர்த்தம், அந்த ஆள்கூலியையும் விலையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.